இழை: 'ஏர்லிஃப்ட்' – வான்தூக்கா, வான்பாலமா? (பெர்லின் 1948–49)

குழுவினருக்கு வணக்கம்.

போருக்குப் பிந்தைய பெர்லினின் அரசியல் வரலாற்றுக்கான சொற்பட்டியல் முடியும் தறுவாயில் உள்ளது. நிலவழி அடைபட்ட ஊருக்கு விமானத்தில் பொருள் கொண்டுபோவதைக் குறிக்கும் 'ஏர்லிஃப்ட்' மட்டும் இழுபறியாக நிற்கிறது. கைவசம் இருப்பவை வான்தூக்கு, விமானவழி வழங்கல், வான்பாலம். விமானங்கள் போக ஒதுக்கிய ஒடுங்கிய வான்வழியான 'ஏர் காரிடார்' என்பதற்கு 'வான் தாழ்வாரம்' என்று குறித்திருக்கிறோம். அதுவும் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

மறு: ஏர்லிஃப்ட்

வான்தூக்கு வேண்டாம், ஐயா. 'தூக்கு' என்றதும் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது கயிறு. 'விமானவழி வழங்கல்' பிழையில்லை. ஆனால் வெள்ளத்தில் ஒரே ஒரு முறை உணவுப் பொட்டலம் போட்டாலும் அதே சொல்தான். பெர்லினில் நடந்தது அப்படிப்பட்டதன்று.

ஜெர்மனியில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வசமிருந்த மேற்கு மண்டலங்களில் புது மார்க் நாணயம் வந்த சில நாள்களிலேயே, 1948 ஜூன் 24 அன்று, சோவியத் மண்டலத்துக்குள் இருந்த மேற்குப் பெர்லினுக்கான சாலை, ரயில், கால்வாய் மூன்றையும் சோவியத் தரப்பு அடைத்தது. உள்ளே இருந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். உணவும் எரிபொருளுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 4,500 டன் தேவை என்று கணக்கிட்டார்கள். சி-47 விமானம் சுமப்பது 3 டன் அளவு. அந்தக் கணக்கில் நாளுக்கு 1,500 நடை போக வேண்டும். 10 டன் சுமக்கும் சி-54 வந்த பிறகுதான் அது 450 ஆகக் குறைந்து, செய்யக்கூடிய வேலையானது.

ஜெர்மானியர் இதை 'லுஃப்ட்ப்ரூக்கெ' என்கிறார்கள். லுஃப்ட் என்பது காற்று, வான். ப்ரூக்கெ என்பது பாலம். பெர்லினில், 2008இல் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் முன் 1951இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். மேற்கு நோக்கி வளைந்து எழும் மூன்று கான்கிரீட் விலாக்கள், பாதியில் முறிந்த பாலம்போல வானத்தில் முடிகின்றன. மறுமுனை பிராங்க்ஃபர்ட்டில் பின்னாளில் எழுந்தது. மூன்று விலாக்களும் பெர்லினுக்கு இருந்த மூன்று வான்வழிகளைக் குறிக்கின்றன. ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஊர்க்காரர் சொல்லிலிருந்தே எடுத்துக்கொள்வோம்: வான்பாலம்.

---

மறு: மறு: ஏர்லிஃப்ட்

> வான்பாலம்

எனக்குத் தயக்கம் உண்டு. பாலம் நிலையானது, இருபுறமும் போக்குவரத்து உள்ளது. ஏர்லிஃப்ட் என்பதை ஆள்களை மீட்டு வருவதற்கும் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வான்பாலம் பொருந்துமா?

---

மறு: மறு: மறு: ஏர்லிஃப்ட்

எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை, அம்மா. ஆள்களை அழைத்து வருவது 'வான்வழி மீட்பு'. நிலவழி அடைபட்ட ஊருக்கு நாள்தோறும், நேர அட்டவணைப்படி, மாதக்கணக்கில் பொருள் போவதற்கு மட்டும் வான்பாலம். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இருபுறப் போக்குவரத்தும் இருந்தது. பெர்லின் ஆலைகளில் செய்த சரக்கு திரும்பும் விமானங்களில் வெளியே போனது. உடல்நலம் குன்றியவர்களும் குழந்தைகளும் போனார்கள்.

நிலையான அமைப்பு என்பதும் பொருந்தும். 1948 ஆகஸ்ட் 13 அன்று தாழ்ந்த மேகத்தில் விமானங்கள் நகருக்கு மேலே அடுக்கடுக்காகச் சுற்றின. டெம்பல்ஹோஃபில் ஒன்று ஓடுபாதையின் முனையில் மோதி எரிந்தது, அடுத்ததற்கு டயர்கள் வெடித்தன. அதன்பின் இந்தப் பணியை நடத்திய அமெரிக்கத் தளபதி டன்னர் விதியை மாற்றினார். முதல் முயற்சியில் இறங்க முடியாவிட்டால் சுற்றக் கூடாது, சுமையோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். வடக்கு, தெற்கு வழிகளில் வருகை, நடுவில் உள்ள வழியில் வெளியேற்றம். மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம். இந்த ஒழுங்கைப் பாலம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

சரக்கு வகை பற்றியும் ஒரு குறிப்பு சேர்க்கலாம். ரொட்டியாகக் கொண்டுபோனால் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், அதனால் மாவு. உருளைக்கிழங்கும் உலர்த்தியே போனது. மொத்தம் 23 லட்சம் டன்னில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூட்டையிலிருந்து தூள் கசிந்து கம்பிகளிலும் கருவிகளிலும் புகுந்தது. உப்பு இன்னும் கேடு, உலோகத்தை அரித்துவிடும். அதனால் கடல்நீருக்கென்றே காப்புச் செய்த சண்டர்லாண்ட் நீர்விமானங்களில் உப்பை ஏற்றி பெர்லினின் ஹாஃபல் ஆறு ஏரியாக விரியும் இடத்தில் இறக்கினார்கள். ஏரி உறையும் காலம் வரும்வரை அது ஓடியது.

---

மறு: காரிடார்

தாழ்வாரம் பொருந்தாது. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். இங்கே இருபக்கமும் சோவியத் மண்டலத்து வான்வெளி. அகலம் 32 கிலோமீட்டர், அதைத் தாண்டினால் உரிமை இல்லை. 'தடம்' என்பதும் விமானம் பறக்கும் எந்தப் பாதைக்கும் வரும்.

இடைகழி என்ற நல்ல சொல் இருக்கிறது. வாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழி, பேச்சில் ரேழி. திருக்கோவலூரில் ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க என்று முதலாழ்வார்கள் நெருக்கியடித்து நின்ற இடம் அதுதான். இருபக்கமும் அடைப்பு, நடுவே போக மட்டும் உரிமை. இந்தப் பொருள் 'காரிடார்' சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது.

உரிமை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மூன்று இடைகழிகளும் 1945 நவம்பர் 30 அன்று நான்கு வல்லரசுகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டவை. சாலைக்கும் ரயிலுக்கும் அப்படித் தெளிவான எழுத்து இல்லை. அதனால்தான் நிலவழி அடைபட்டபோதும் வான்வழி மிஞ்சியது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 'வானிடைகழி' என்று சேர்த்தால் 'வானிடை கழி' என்று பிரித்துப் படிப்பார்கள். 'வான் இடைகழி' என்று விட்டே எழுதுங்கள்.

---

மறு: மறு: காரிடார்

இரண்டையும் ஏற்றுப் பதிந்துவிட்டேன். 'பிளாக்கேட்' என்பதற்கு இருந்த 'முற்றுகை'யையும் மாற்றியிருக்கிறேன். படை சூழ்ந்து தாக்கவில்லை. மேற்குப் பகுதியார் கிழக்குப் பகுதிக்கு நடந்து போக முடிந்தது. 'வழியடைப்பு' போதும்.

பதிவு இப்படி: வான்பாலம் – நிலவழியடைப்புக்கு உள்ளான நகருக்கு, ஒப்புக்கொண்ட வான் இடைகழிகள் வழியே, அட்டவணைப்படி தொடர்ந்து பொருள் கொண்டுசெல்லும் ஏற்பாடு. (எ-டு) பெர்லின் வழியடைப்பு 1949 மே 12 அன்று நீங்கியது; இருப்புச் சேர்ப்பதற்காக வான்பாலம் செப்டம்பர் 30 வரை நீடித்தது.