விண்வெளி மைக்ரோவேவ் கற்றை: ஆட்டத்தில் எப்படி வைப்பது?

வரும் சனிக்கிழமை அடுத்த ஆட்டம். என் அறிவியல் புனைவு ரோல்பிளேயிங் கேமில் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) வீரர்கள் ஒரு சூரிய மின் செயற்கைக்கோளை, அதாவது விண்வெளியில் சூரிய ஒளியை மின்சாரமாக்கி மைக்ரோவேவாகத் தரைக்கு அனுப்பும் செயற்கைக்கோளைக் கைப்பற்றிவிட்டார்கள். அதன் மைக்ரோவேவ் கற்றையால் எதிரியின் துறைமுகத்தைக் கொளுத்தப் போகிறார்களாம். ஆட்டத்தை நடத்துகிற நான் மாட்டிக்கொண்டேன்.

செயற்கைக்கோள் 1970களின் நாசா வடிவமைப்பை ஒட்டியது: 35,786 கி.மீ. உயரம், 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண், 1 கி.மீ. அகல ஆண்டெனா, தரையில் 5 கிகாவாட். கணக்குப் போட்டால் கற்றை தரைக்கு வரும்போது சுமார் 10 கி.மீ. அகலம். நட்டநடுவிலேயே சதுர மீட்டருக்கு 230 வாட்தான். உச்சி வெயிலே 1,000 வாட். கப்பல் எரிவது இருக்கட்டும், கருவாடுகூடக் காயாது.

சக்தியைப் பத்து மடங்காக்கினேன். "அதுக்கு சோலார் பேனல் எங்கே?" என்று ஒருவன் மடக்கிவிட்டான். 94 கிகாஹெர்ட்ஸ் வைத்தால் கற்றை குறுகுகிறது, ஆனால் மழை விழுங்கிவிடும், கதையிலோ அடைமழைக்காலம். அப்புறம் 400 கி.மீ.க்கு இறக்கிப் பார்த்தேன். வட்டம் 120 மீட்டராகிறது, நன்றாகவே கொளுத்தும். ஆனால் சில நிமிடங்களில் செயற்கைக்கோள் துறைமுகத்தைக் கடந்து போய்விடும்.

பழைய 35,786 கி.மீ. உயரத்தை மாற்றாமல், ஆளைக் கொல்லாமல் தகவல் தொடர்பை மட்டும் குழப்பும் ஆயுதமாக இதை வைக்க, ஆறுமுகப் பகடைக்கு என்ன விதி எழுதலாம்?