சி டிரைவ் நிரம்பி வழிந்தது, டி டிரைவ் காலியாகக் கிடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

ஈரோட்டிலிருந்து, இந்த இழையைத் தொடங்குபவர்:

எங்கள் வீட்டுக் கணினி 2017ஆம் ஆண்டில் உள்ளூர்க் கடையொன்றில் அசெம்பிள் செய்து வாங்கியது. அதிலிருந்த ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்காரர் அன்றைய வழக்கப்படி நான்கு டிரைவ்களாகப் பிரித்து, விண்டோஸ் 10 இருந்த சி டிரைவுக்கு 100 ஜிபியும், டி, இ, எஃப் மூன்றுக்கும் தலா 277 ஜிபி அளவிலும் ஒதுக்கித் தந்தார். (பெட்டியின் மேல் 1000 ஜிபி என்று இருக்க, கூட்டினால் 931 தான் வருகிறதே என்று அன்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். தயாரிப்பாளர் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார், விண்டோஸோ 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. இடம் எங்கும் களவு போகவில்லை என்பது பின்னர்தான் புரிந்தது.)

நான்கைந்து ஆண்டுகள் குறையின்றி ஓடிய கணினியில், ஒரு நாள் சி டிரைவின் நீலப் பட்டை சிவப்பாக மாறியது. மீதமிருந்தது 1.8 ஜிபி மட்டுமே. விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டு, இடம் போதவில்லை என்று ஒவ்வொரு நாளும் நினைவூட்டத் தொடங்கியது. அதே நேரத்தில் டி டிரைவில் 200 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடந்தது. ஒரு வீட்டில் ஓர் அறையில் எட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுத்திருக்க, அடுத்த அறை பூட்டிக் கிடப்பதைப் போன்ற நிலைமை அது.

முதலில் இடத்தை எது விழுங்குகிறது என்று விண்டிர்ஸ்டாட் மென்பொருளில் பார்த்தேன். டவுன்லோட்ஸ் கோப்புறையில் மட்டும் 31 ஜிபி, கைபேசியின் பழைய நகல்கள் 22 ஜிபி, அவற்றோடு ஹைபர்ஃபில்.சிஸ் என்ற ஒரே கோப்பு 3.2 ஜிபி. கணினியை ஹைபர்நேட் செய்யும்போது ரேமில் இருப்பதை எழுதி வைப்பதற்காக விண்டோஸ் ஒதுக்கும் இடம் அது. எங்கள் கணினியில் ரேம் 8 ஜிபி என்பதால் அதில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்திருந்தது. ஹைபர்நேட் வசதியை நான் பயன்படுத்துவதே இல்லை என்பதால், கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரே கட்டளையால் அதை நிறுத்தினேன். கோப்பு தானாக மறைந்தது, அதனுடன் கணினியை விரைவாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போனது. விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையின் அளவைக் கண்டு அதையும் அழிக்கக் கை பரபரத்தது உண்மை. ஆனால் அதிலுள்ள பல கோப்புகள் விண்டோஸ் கோப்புறையில் இருக்கும் அதே கோப்புகள்தாம், ஒன்றே இரு இடங்களில் பெயர் பெற்றிருப்பதால் கணக்கில் இரு முறை வருகிறது என்று படித்த பிறகு கையை எடுத்துக்கொண்டேன். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளின் ப்ராப்பர்டீஸ் சென்று, லொக்கேஷன் பகுதியில் அவற்றை இ டிரைவுக்கு மாற்றினேன்.

இந்தச் சுத்தம் ஒரு வருடம்தான் தாங்கியது. அதன் பிறகே சி டிரைவைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்து, விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகத் தெரிகிறது, அழுத்த முடியவில்லை. பக்கத்தில் காலி இடம் இல்லாததால்தான் என்று எண்ணி, டி டிரைவில் இருந்தவற்றை இ, எஃப் டிரைவ்களுக்கு நகலெடுத்துவிட்டு, துணிந்து டி டிரைவை அழித்தேன். அப்போதும் அது மங்கலாகவே இருந்தது. அந்தத் திரையை அரை மணி நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா?

காரணம் இரண்டு. ஒன்று, சி டிரைவுக்கும் நான் காலி செய்த இடத்துக்கும் நடுவே, விண்டோஸ் தன் பெரிய அப்டேட் ஒன்றின்போது சி டிரைவின் வாலிலிருந்து வெட்டி உருவாக்கிய 500 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் தனிப் பிரிவு) நந்தி போல் அமர்ந்திருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு டிரைவைத் தனக்கு வலப்புறம் ஒட்டியுள்ள இடத்துக்குள் மட்டுமே நீட்டும். இரண்டாவது, நான் காலி செய்த இடம் கறுப்புப் பட்டையாக அல்லாமல் வெளிர்ப் பச்சையாகத் தெரிந்தது. வட்டின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் பழைய முறையான எம்பிஆரில் ஒரு வட்டில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இடமில்லாததால், கடைக்காரர் டி, இ, எஃப் மூன்றையும் ஓர் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் என்ற வேலிக்குள் வைத்திருந்தார். கறுப்பு என்றால் யாருக்கும் ஒதுக்கப்படாத புறம்போக்கு. வெளிர்ப் பச்சை என்றால் அந்த வேலிக்குள் இருக்கும் காலிமனை. வேலிக்கு வெளியே இருக்கும் சி டிரைவுக்கு அதில் உரிமை கிடையாது.

கடைசியில் முக்கியமானவற்றை எல்லாம் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, யூபிஎஸ்ஸின் பேட்டரியையும் மாற்றிவிட்டு, டிரைவ்களின் அளவை மாற்ற உதவும் ஜிபார்ட்டட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கினேன். வேலியின் இடப்புற எல்லையை 150 ஜிபி வலப்புறம் தள்ளி, ரெக்கவரி பார்ட்டிஷனை அந்தக் காலியிடத்தின் கடைசிக்கு நகர்த்தி, சி டிரைவை 250 ஜிபியாக நீட்டினேன். டி டிரைவை முன்னரே அழித்திருந்ததால் நகர்ந்த தரவு 500 எம்பி மட்டுமே. வேலை சில நிமிடங்களில் முடிந்தது. டி டிரைவில் நிறுவியிருந்த ஸ்கேனர் மென்பொருளை மட்டும் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. இதே போன்ற சிக்கல்களில் மாட்டியவர்கள் எழுதுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து:

டிரைவைப் பிரிப்பது பற்றி நான் கொண்டிருந்த நம்பிக்கை ஒன்றையும், அது எனக்கு வைத்த ஆப்பையும் சொல்கிறேன். "சி போனாலும் டியில் இருப்பது பத்திரம்" என்று எல்லோரும் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். விண்டோஸை அழித்து மறுபடி போடும் வரைக்கும் அந்தச் சொல் சரிதான். அதையே நம்பி, தங்கையின் திருமணப் படங்களை டி டிரைவில் ஒரு நகல், இ டிரைவில் ஒரு நகல் என்று வைத்து, இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டும் ஒரே வட்டின் இரு பகுதிகள் என்பது அந்த வட்டு டக், டக் என்று சத்தமிட ஆரம்பித்த நாளில்தான் உறைத்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பே வட்டின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரித்திருந்தது. கரண்ட் பெண்டிங் செக்டார் என்ற வரியில் சுழியமாக இருக்க வேண்டிய எண் கூடிக்கொண்டே போனது, அதாவது வட்டால் படிக்க முடியாத இடங்கள் பெருகிக்கொண்டிருந்தன. கணினி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு அது பிழைக்குமென்று வட்டிலுள்ள பிழைகளைத் தேடும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை ஓட்டியது அதைவிடப் பெரிய தவறு. சாகக் கிடக்கும் வட்டை முழுவதும் படிக்க வைத்து அலைக்கழித்ததுதான் மிச்சம். படங்களில் பாதியை மீட்டோம். தாலி கட்டும் நேரத்துப் படங்கள் அந்தப் பாதியில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கைபேசியில் எடுத்தவற்றைக் கேட்டு வாங்கித்தான் ஆல்பத்தை நிரப்பினோம்.

கோயம்புத்தூரிலிருந்து:

திருநெல்வேலி அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லும் தைரியம் வந்தது. என்னுடையது வட்டின் தவறு அல்ல, முழுக்க என் அவசரத்தின் தவறு.

சரியாக ஃபார்மட் ஆகாமல் அடம்பிடித்த 32 ஜிபி பென் டிரைவைத் துடைப்பதற்காக, கட்டளைகளால் வட்டுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட்டைத் திறந்து, லிஸ்ட் டிஸ்க் என்று கொடுத்தேன். டிஸ்க் 0 கணினியின் வட்டு, டிஸ்க் 1 என்ற வரியில் 931 ஜிபி, டிஸ்க் 2 என்ற வரியில் 29 ஜிபி. பென் டிரைவ் எப்போதும் டிஸ்க் 1 ஆகத்தான் வரும் என்பது என் விரல்களின் பழக்கம். காலையில் படங்களை மாற்றுவதற்காகச் செருகிய வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டதை மறந்துபோனேன். செலக்ட் டிஸ்க் 1, அடுத்து கிளீன். ஃபார்மட் செய்யும்போது வரும் "நிச்சயமாகவா?" என்ற கேள்விகூட அங்கே கிடையாது. ஒரு நொடியில் வேலை முடிந்துவிட்டது, மகளின் பத்து ஆண்டுப் படங்களைக் கொண்ட வட்டு வெறுமையாகத் தெரிந்தது.

கை நடுங்கினாலும் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்: "இந்த வட்டை இனிஷியலைஸ் செய்யவா" (புதிய வட்டாகத் தயார்செய்யவா) என்று விண்டோஸ் கேட்டபோது வேண்டாம் என்று மூடிவிட்டு, அதில் எதையும் எழுதாமல் விட்டேன். கிளீன் கட்டளை எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையைத்தான் அழிக்கிறது, கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள். கிளீன் ஆல் என்று கொடுத்திருந்தால் முழு வட்டிலும் சுழியம் எழுதப்பட்டு, மீட்க எதுவும் மிஞ்சியிருக்காது. அவள் சொல்லியபடி கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். கறுப்புத் திரையும் எழுத்துகளுமாக இருக்கும், மவுஸ் வேலை செய்யாது. வட்டைத் தேர்ந்தெடுத்து, பழைய எம்பிஆர் வட்டு என்பதால் இன்டெல் என்பதைக் கொடுத்து, அனலைஸ் செய்தேன். பச்சை நிறத்தில் ஒரே ஒரு வரி வந்தது. அதன் மேல் நின்று பி என்ற எழுத்தை அழுத்தினால் உள்ளிருக்கும் கோப்புறைகளைக் காட்டும். மகளின் யூகேஜி ஆண்டு விழாக் கோப்புறை முதல் வரியாக வந்ததும் அழுதுவிட்டேன். பிறகு ரைட் கொடுத்து, கணினியை மறுபடி தொடங்கியதும் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் வட்டு) வைத்திருப்பவர்கள் இதை நம்பி இருந்துவிட வேண்டாம். அங்கே ஃபார்மட் செய்ததும் விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்பி, அந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று வட்டுக்கே சொல்லிவிடுவதால், பெரும்பாலும் மீட்க எதுவும் கிடைப்பதில்லை.

தொடங்கியவருக்கு ஒரு கேள்வி: இப்போது புதிதாகப் பிரிப்பதானால் சி டிரைவுக்கு எவ்வளவு வைப்பீர்கள், அண்ணா?

சென்னையிலிருந்து:

என்னுடையது சிறிய சங்கதி. 5 ஜிபி வீடியோவைப் பென் டிரைவில் ஏற்ற முயன்றால், 20 ஜிபி காலியாக இருந்தும் கோப்பு மிகப் பெரியது என்று மறுத்தது. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தது; அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்டக்கூடாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தேன், தீர்ந்தது. அதற்குள் இரண்டு பென் டிரைவ்களைக் கெட்டுவிட்டதாக எண்ணிக் குப்பையில் போட்டிருந்தேன் என்பதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

திருச்சியிலிருந்து:

ஈரோட்டு நண்பர் சொன்ன ஜிபார்ட்டட் வழியைப் புதிய மடிக்கணினிகளில் முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பென் டிரைவிலிருந்து தொடங்குவதற்காக பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்தேன். வேலை நடக்கவில்லை என்று திரும்ப விண்டோஸுக்கு வந்தால், நீலத் திரை ஒன்று 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நின்றது. வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரை நான் ஒருபோதும் இயக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதன்முதலாக நுழையும்போது பல மடிக்கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. கீ அந்தக் கணக்கில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் கணினியை முதலில் அமைத்தவன் மகன், கணக்கும் அவனுடையது, அவன் இருந்தது கனடாவில். அங்கே விடியும் வரை காத்திருந்து, கைபேசியில் அவன் எட்டுத் தொகுதிகளாக வாசிக்க வாசிக்க, ஒரு தொகுதிக்கு ஆறு எண் என்று நான் தட்டினேன். மூன்றாம் தொகுதியில் ஒரு எண்ணைத் தவறவிட்டு, அதை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. ஜிபார்ட்டட் அந்த டிரைவைப் பூட்டிய நிலையில்தான் காட்டியது, அளவை மாற்ற இயலவில்லை. கீயை எழுதி வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை முதலில் நீக்கிவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து, மீண்டும்:

கோவைத் தங்கையின் கேள்விக்கு: இப்போது பிரிக்கவே மாட்டேன். சென்ற ஆண்டு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கியபோது, பழைய வட்டையே, எம்பிஆருக்குப் பின் வந்த ஜிபிடி முறைக்கு மாற்றிவிடலாமா என்று எம்பிஆர்2ஜிபிடி கருவியை ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருப்பதால் முடியாது என்று மறுத்துவிட்டது. அந்த வேலி என்னை இரண்டாவது முறையாக மறித்தது. ஆகவே எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, முழு இடத்தையும் சி டிரைவுக்கே விட்டேன். பழைய ஒரு டெராபைட் வட்டில் படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன. திருநெல்வேலி நண்பரின் பதிவைப் படித்த அன்றே அதன் கரண்ட் பெண்டிங் செக்டார் வரியைப் பார்த்தேன், சுழியம்தான். ஆயினும் வெளிப்புற வட்டில் ஒரு நகலை அன்றிரவே புதுப்பித்து, கழற்றி, பீரோவில் வைத்துவிட்டேன். ஒரே எஸ்எஸ்டி மட்டும் உள்ளவர்கள், விண்டோஸை அடிக்கடி அழித்துப் போடும் பழக்கம் இருந்தால் மட்டும் டி டிரைவ் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானாலும் சி டிரைவுக்கு 200 ஜிபிக்குக் குறைவாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.