தரம் 2இல் மாஸ்க்: பிள்ளைக்கு ‘மாடு’ கேட்கிறதா, ‘நாடு’ கேட்கிறதா?

தம்பலகாமம் ரீச்சர்:
சளிக்காய்ச்சல் பரவுகிறது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், பிள்ளைகள் எல்லாரும் மாஸ்க் போட வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். ஆரம்பப் பிரிவுக்கு மட்டுமாவது இதை மாற்ற வேண்டும் என்கிறேன்.

நேற்றுச் சொல்வதெழுதல் வைத்தேன். ‘மாடு’ என்றேன். பின்வாங்கில் மூன்று பிள்ளைகள் ‘நாடு’ என்று எழுதியிருந்தார்கள். ‘படி’ ஒருவனுக்குத் ‘தடி’ ஆகிவிட்டது. ம சொல்லும்போது உதடு மூடும், ந சொல்லும்போது மூடாது. முன்பெல்லாம் காதில் சந்தேகம் வந்தால் பிள்ளை என் வாயைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இப்போது பார்க்க வாய் இல்லை.

ழகரம் இன்னும் கஷ்டம். வீட்டில் நாங்கள் ‘வாளைப்பளம்’ என்றுதானே சொல்கிறோம்? நாக்கு நுனி மடிந்து மேலே போவதை வாயைத் திறந்து காட்டித்தான் இவ்வளவு காலமும் படிப்பித்தேன்.

உப்புவெளி அம்மா:
கோபிக்க வேண்டாம் ரீச்சர். என் மகளுக்கு ஆஸ்துமா. சாதாரண சளி பிடித்தாலே நடு இரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ‘மாடு’ ‘நாடு’ ஆனால் நாளைக்குத் திருத்தலாம், மூச்சு நின்றால் என்ன செய்வது? 2021இல் பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்தபோதும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் பிள்ளைகள் படித்தார்கள்.

இன்னொன்று, ல, ள, ழ மூன்றும் நாக்கின் வேலை. சாதாரணமாகப் பேசும்போது உதட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மாஸ்க் இல்லாத காலத்திலும் பிள்ளைகள் அதில் பிழைவிட்டார்கள். ஒரே மண்டபத்தில் நாலு வகுப்பு, நடுவில் ஒரு பலகைத் தட்டி, மேலே தகரம். குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள்.

நிலாவெளி சவுண்ட்:
கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் நான். இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் மாஸ்க்கைச் சும்மா விட முடியாது.

1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே, அதாவது தாழ்ந்த சுருதி ஒலிகளில், மாஸ்க் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்கு மேலேதான் அடைக்கும். நீல நிற ஆஸ்பத்திரி மாஸ்க் சுமார் 3, 4 டெசிபல் குறைக்கும். என்95 ஏறத்தாழ 6. துணி மாஸ்க் என்றால் நெசவையும் மடிப்பையும் பொறுத்தது. வாய் தெரியட்டும் என்று பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தது இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் விட அதிகம் அடைக்கும். ஆ, ஓ என்ற உயிர் ஒலிகளின் பலம் கீழே இருக்கிறது. ச, த, ட, க என்று பிரித்துக்காட்டும் மெய் ஒலிகளின் அடையாளம் நிறைய மேலே இருக்கிறது. அதனால் பிள்ளைக்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. கத்தினாலும் உயிர் ஒலிதான் பெருகும், ரீச்சரின் தொண்டைதான் போகும்.

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும். அந்தக் கணக்கில், நீல மாஸ்க் போடுவது 2 மீற்றரில் இருக்கும் பிள்ளையை 3 மீற்றருக்குத் தள்ளியதற்குச் சமம். பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கச்சான் காற்றில் தகரம் அடிக்க, தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்ல, நமக்கு அது எங்கே கிடைக்கும்?

உப்புவெளி அம்மா:
தம்பி, நீங்களே வழியைச் சொல்லிவிட்டீர்கள். பின்வாங்கை முன்னால் இழுத்தால் போனது திரும்பிவிடும்தானே? அதற்கு மாஸ்க் கழற்ற வேண்டியதில்லை.

தம்பலகாமம் ரீச்சர்:
சத்தம் திரும்பும், உதடு திரும்பாது. 1976இல் மக்கர்க், மக்டொனால்ட் என்ற இருவர் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இருக்கிறது. காதுக்கு ‘பா’, திரையில் ‘கா’ சொல்லும் வாய். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் ‘டா’ என்று கேட்டதாகச் சொன்னார்கள். வளர்ந்த ஆளே கண்ணையும் சேர்த்துத்தான் கேட்கிறார். சொற்களே இன்னும் பழகாத ஏழு வயதுப் பிள்ளை எதைவைத்து ஊகிக்கும்?

மூதூர் அப்பா:
என் மகன் இரண்டு காதிலும் கருவி போடுகிறான். அவனுக்கு உதடுதான் பாதிக் காது. மாஸ்க்கைக் கழற்றும்போது நாடா கொளுவிக் கருவியும் சேர்ந்து விழுகிறது. ஒருநாள் முற்றத்து மணலில் கிண்டித் தேடி எடுத்தோம். அதுகூடப் பரவாயில்லை. போன கிழமை வீட்டுக்கு வந்து, “இண்டைக்கு ரீச்சர் ஒண்டும் கதைக்கேல்லை” என்றான். ரீச்சர் அன்று முழுக்கப் படிப்பித்திருக்கிறார். தங்கச்சி, உங்கள் மகளின் மூச்சை நான் குறைத்துப் பேசவில்லை. என் பிள்ளை விளங்காமலே தலையாட்டப் பழகிவிட்டான். அதை எப்படித் திருத்துவது?

உப்புவெளி அம்மா:
அண்ணா, இதை நான் யோசிக்கவில்லை. சரி, ரீச்சர் மட்டும், காற்று வருகிற வாசல் பக்கம் நின்று கழற்றட்டும். என் மகளைத் தூரத்து ஜன்னலோரம் இருத்துங்கள். பிள்ளைகள் கழற்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தம்பலகாமம் ரீச்சர்:
நன்றி அம்மா. ஆனால் வாசிப்புக்கு என்ன செய்வது? ‘மழை’ என்று ஒரு பிள்ளை வாசிக்கும்போது அதன் நாக்கு எங்கே போகிறது என்று நான் பார்க்க வேண்டும். வாசிப்பை மட்டும் வேப்பமரத்தடியில், ஒவ்வொருவராக, மாஸ்க் இல்லாமல் வைக்கலாமா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

உப்புவெளி அம்மா:
மரத்தடி என்றால் மகளை நானே கூட்டிவந்து இருத்துகிறேன். மண்டபத்துக்குள் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன். அதையும் கூட்டத்தில் சொல்லுங்கள்.