பொருள்: ‘ரெக்கார்ட் லேபிள்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினர்க்கு,

வரும் ஞாயிறு எங்கள் திரைப்படச் சங்கத்தில் ‘கேடிலாக் ரெக்கார்ட்ஸ்’ (2008) காட்டுகிறோம். செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் கதை அது. சப்டைட்டில் என் பொறுப்பு. படம் எங்கே வரலாற்றோடு ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று நான்கு பக்கக் கையேடும் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

‘ரெக்கார்ட் லேபிள்’ வரும் இடமெல்லாம் ‘இசைத்தட்டு நிறுவனம்’ என்று எழுதியிருந்தேன். கையேட்டுக்கு வந்ததும் அது பொய்யாகிவிட்டது. சிகாகோவில் லெனர்ட் செஸ், ஃபில் செஸ் என்ற அண்ணன் தம்பி நடத்தியது ஒரே நிறுவனம். ஆனால் தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் இருந்த பெயர்கள் பல. புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாட்டுகள் ‘செஸ்’ என்று வந்தன. லிட்டில் வால்ட்டரின் ‘ஜூக்’ 1952இல் ‘செக்கர்’ என்று வந்தது. எட்டா ஜேம்ஸ் 1960இல் பாடியவை ‘ஆர்கோ’. இங்கிலாந்தில் அதே பெயரில் வேறொன்று இருந்ததால் 1965இல் ஆர்கோ ‘கேடட்’ ஆனது. நிறுவனம் மாறவில்லை, லேபிள்தான் மாறியது. இரண்டையும் ‘நிறுவனம்’ என்றால் அந்த வாக்கியத்தையே எழுத முடியவில்லை.

லெனர்டுக்கும் எட்டாவுக்கும் படம் காட்டும் காதல் கற்பனை. தம்பி ஃபில் ஏறக்குறைய இல்லை. செக்கரில் பாடிய போ டிட்லி படத்திலேயே இல்லை. பிறர் செய்த விலகலைச் சுட்டும் கையேட்டில் என் பங்குக்கு ஒரு விலகல் வேண்டாம். உதவுங்கள்.

(சப்டைட்டில் எழுதுபவள்)

---

அம்மா,

சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிலப்பதிகாரம், இந்திரவிழவூரெடுத்த காதை: ‘வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’. புகார்ப் பண்டகசாலையில் வணிகர்கள் தங்கள் பெயரைப் பொதிமேல் பொறித்து வைத்திருந்தார்கள். பண்டம் ஒன்று, அதன் மேலுள்ள பெயர் ஒன்று. லேபிள் வேறென்ன? ‘இசைக்கண்ணெழுத்து’ என்று தயங்காமல் எழுதுங்கள்.

இன்னும் சுருக்கம் வேண்டுமானால் ‘பொறி’. பட்டினப்பாலையில் சுங்கம் கொண்ட பொருள்மீது சோழனின் புலிப்பொறி இட்டு வெளியே விட்டதைச் சொல்கிறார் புலவர்.

(நெல்லைத் தமிழாசிரியர்)

---

> இசைக்கண்ணெழுத்து என்று தயங்காமல் எழுதுங்கள்

ஐயா, மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன். சப்டைட்டில் திரையில் இரண்டு மூன்று விநாடிதான் நிற்கும். ‘கண்ணெழுத்து’ என்று பார்ப்பவருக்குக் கண் மையும் எழுத்தும் நினைவுக்கு வரும், இசைத்தட்டு வராது. ‘இசைப்பொறி’யோ அதைவிட மோசம். பொறியியல் படித்த தலைமுறை அதைப் பாட்டுப் பாடும் எந்திரம் என்றே படிக்கும்.

நான் பழைய தட்டுகள் சேர்ப்பவன். என் அப்பா காலத்தில் கடைக்குப் போனால் ‘என்ன மார்க்?’ என்றுதான் கேட்பார்கள். ஓடியனா, கொலம்பியாவா, நாய் படம் போட்டதா? பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் இன்றைக்கும் அதே சொல்தான். ‘மார்க்’ என்றே எழுதுங்கள். சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றது. கடை ஒருவருடையது, மார்க் இன்னொருவருடையது. அந்த வேறுபாடு அன்றே மக்களுக்குத் தெரிந்திருந்தது.

நிறுவனமும் மார்க்கும் எவ்வளவு தூரம் விலகி நிற்கலாம் என்பதற்குப் பாரமவுண்ட் போதும். புளூஸ் பாடகி மா ரெய்னி 1923 முதல் பாடியது அந்தப் பெயருக்குத்தான். சினிமா ஸ்டுடியோவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதை வைத்திருந்தது விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலிக் கம்பெனி! கிராமபோனுக்கு மரப்பெட்டி செய்தவர்கள், பெட்டி விற்கத் தட்டும் வேண்டும் என்று இறங்கினார்கள். மா ரெய்னியை ‘நாற்காலி நிறுவனத்தின் பாடகி’ என்று எழுத முடியுமா?

(தட்டு சேகரிப்பவன், கோவை)

---

‘மார்க்’ ஆங்கிலம். ஆங்கிலம்தான் வேண்டுமென்றால் ‘லேபிள்’ என்றே விட்டுவிடலாமே, இந்த விவாதம் எதற்கு?

(தமிழாசிரியர்)

---

வணக்கம். ‘முத்திரை’ என்று வைக்கலாமே? எல்லோருக்கும் புரியும்.

(கணினித் தமிழாக்கம் செய்பவன்)

---

தம்பி, எங்கட பக்கம் முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டுவது. நீங்கள் தபால்தலை என்கிறதுதான் அது. ‘செக்கர் முத்திரையில் வெளிவந்த பாட்டு’ என்று வாசித்தால் என்ர அம்மா தபால் கந்தோரை நினைப்பா. ‘இலச்சினை’ நல்ல சொல், இங்கே புழக்கத்தில் உள்ளது. பாட்டை இயற்றியவருடைய முத்திரை என்று கீர்த்தனையில் வேறு ஒன்று இருக்கிறதையும் மறக்க வேண்டாம்.

(யாழ்ப்பாணத்திலிருந்து)

---

இலச்சினை என்பது படம், சின்னம். செக்கரின் தாளில் சதுரங்கக் கட்டம் இருந்தாலும், நாம் பேசுவது அந்தப் படத்தை இல்லை, பெயரை.

முத்திரை வடசொல் என்று ஆசிரியர் ஐயா அடுத்து எழுதுவார் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: முத்துதல் என்றால் ஒன்றோடொன்று சேர்தல், ஒற்றுதல். முத்தம் அதில் பிறந்தது. மெழுகின்மேல் ஒற்றுவது முத்திரை. இது தமிழ் வேர்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

(கணினித் தமிழாக்கம்)

---

‘முத்து’ சரி. ‘இரை’ என்ற ஈறு எங்கிருந்து வந்தது? அந்த ஈறு பெற்ற வேறு மூன்று சொல் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். வடமொழி ‘முத்ரா’ கண்ணெதிரே நிற்கும்போது முத்தத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

(தமிழாசிரியர்)

---

இடையில் ஒரு கேள்வி. 1920களில் கறுப்பினத்தவருக்கென்று விற்ற தட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்றார்கள் அல்லவா? அதற்கு என்ன எழுதுகிறீர்கள்? ‘இனத்தட்டு’ என்றால் நம் காதுக்கு வசையாக ஒலிக்கிறது. அன்றைய கறுப்பினப் பத்திரிகைகள் அந்த ‘ரேஸ்’ என்ற சொல்லைத் தங்களைக் குறிக்கப் பெருமையாகவே எழுதின. பில்போர்டு இதழ் 1949இல்தான் அதைக் கைவிட்டு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றியது. வசையும் பெருமையும் சேர்ந்து வர ஒரு தமிழ்ச் சொல் யாருக்காவது தெரியுமா?

(மதுரையிலிருந்து)

---

அருமையான கேள்வி, ஆனால் தனி இழையாகத் தொடங்குங்கள் அம்மா. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

(தட்டு சேகரிப்பவன்)

---

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: முத்திரைக்கு ஐந்து பேர், மார்க்குக்கு மூன்று, இலச்சினைக்கு இரண்டு, கண்ணெழுத்துக்கு ஒருவர்.

கையேட்டில் முதல் முறை ‘இசைத்தட்டு முத்திரை’ என்றும் அப்புறம் ‘முத்திரை’ என்றும் எழுதுகிறேன். ‘செஸ் நிறுவனத்தின் செக்கர் முத்திரை’ என்று எழுதிப் பார்த்தேன், இரண்டும் பிரிந்து நிற்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். யாழ்ப்பாணத்து அண்ணை சொன்ன குழப்பத்துக்காக முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கிறேன். திரையில், பேச்சு நடையில் வரும் இரண்டு இடத்தில் மட்டும் ‘மார்க்’. 1950களின் சிகாகோ பாடகன் வாயில் ‘முத்திரை’ ஒட்டவில்லை.

‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே போகிறது, பக்கத்தில் மூன்று வரி விளக்கத்தோடு.

(சப்டைட்டில் எழுதுபவள்)

---

அச்சுக்குப் போகட்டும் அம்மா. என் வகுப்பில் கண்ணெழுத்து என்றே சொல்லித் தருவேன். இன்று காலை பதினோராம் வகுப்பில் பாரமவுண்ட் நாற்காலிக் கதையைச் சொல்லிவிட்டு அந்தச் சிலம்பு அடிகளைப் படித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, ‘பொதிக்குள் இருப்பதைச் செய்தவர் பெயரா ஐயா, விற்றவர் பெயரா?’ என்று கேட்டாள். அதற்கு உரையாசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இன்று இரவு பார்க்கிறேன்.

(தமிழாசிரியர்)