சீருடை விதியா, படைக்கோல விதியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படைவீரர் எதை அணியலாம், எதை அணியக்கூடாது என்று வகுக்கும் விதிகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று நான்கு நாளாகப் பேசிவருகிறோம். இதுவரை வந்தவை உடை விதி, ஆடை ஒழுங்கு, சீருடை விதிமுறை. மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் மூன்றும் துணியோடு நின்றுவிடுகின்றன. விதிகள் அங்கே நிற்பதில்லை.

வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக ஜான் கிரடாக் இருந்தபோது வந்த புது விதிகள் என்ன சொல்லின? சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் சாதி, சமயக் குறி இடக்கூடாது. கடுக்கன் போடக்கூடாது. அணிவகுப்புக்குத் தாடையை மழித்துக்கொண்டு வரவேண்டும். மீசை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். தோல் இலச்சினை வைத்த புதுவகைத் தலைப்பாகைக்கு 1805 நவம்பரிலேயே ஆணை வந்துவிட்டது. தொப்பி போலத் தெரிந்த அதை அணிய மறுத்ததற்காக 1806 மே மாதம் இருவருக்குக் கசையடி. ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிறகு விதிகளும் திரும்பப் பெறப்பட்டன, கிரடாக்கும் ஆளுநர் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். எழுச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, அவை இங்கே வேண்டாம். நான் பார்க்கச் சொல்வது அந்த விதிகளின் பட்டியலை மட்டும்: நெற்றி, காது, தாடை, மேலுதடு, தலை. துணி என்று சொல்லக்கூடியது தலைப்பாகை ஒன்றுதான். இதற்கு ‘உடை விதி’ என்று எழுதினால், உடம்பின்மேல் கைவைத்த ஆணை வெறும் துணி விவகாரமாகச் சுருங்கிப்போகும். என்னால் அப்படி எழுத முடியவில்லை.

இன்றைய விதிகளும் அப்படித்தான். அமெரிக்கத் தரைப்படையின் 670-1 எண் ஒழுங்குவிதி சட்டையையும் காலணியையும் மட்டும் பேசுவதில்லை. முடி, நகம், பச்சை குத்துதல், நகை எல்லாம் அதற்குள் வருகின்றன.

நம் மொழியில் வேட்டியை உடுத்துகிறோம், நகையை அணிகிறோம், பூவைச் சூடுகிறோம், திருநீற்றை இடுகிறோம், தாடியை வளர்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும் வினை வேறு. அதனால் உடு, அணி என்ற ஏதாவது ஒரு வேரிலிருந்து பெயர் எடுத்தால் மற்றவை வெளியே நின்றுவிடும். இவை எல்லாவற்றையும் ஒருசேரக் குறிக்க ஒரு பெயர் நம்மிடம் முன்பே இருக்கிறது: கோலம். மணக்கோலம் என்றால் பட்டுப் புடவை மட்டுமா? மாலை, நெற்றிச்சுட்டி, மருதாணி, கண்மை எல்லாம் சேர்ந்ததுதானே. தவக்கோலம் என்றால் சடைமுடியும் திருநீறும் கூடவே வருகின்றன.

ஆகவே என் முன்மொழிவு: படைக்கோலம், படைக்கோல விதி.

என் தாய்மாமா தரைப்படையில் இருந்தவர். அவர் வாயில் இதற்கு ஒரே சொல்தான், ‘டர்ன் அவுட்’. சலவை மடிப்பு, பிராசோ பாலிஷ் போட்டுத் துலக்கிய பக்கிள், முகம் தெரியும் பூட்ஸ், ஒட்ட வெட்டிய முடி, மழித்த முகம் எல்லாம் அதில் அடக்கம். ‘சட்டை நல்லாதான் இருக்கு, டர்ன் அவுட் சரியில்ல’ என்பார். உடைக்கும் கோலத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

இனி, வந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

> கோலம் என்றால் வாசலில் போடுவதுதான் நினைவுக்கு வரும்.

தனியே நின்றால் வரும். மணக்கோலம் என்று படிக்கும்போது யாரும் அரிசிமாவை நினைப்பதில்லை. முன்னொட்டு இருக்கும்வரை குழப்பம் இல்லை.

> கோலத்தில் வேடம் என்ற பொருளும் இருக்கிறதே, மாறுகோலம் என்கிறோமே.

நல்ல கேள்வி, இதற்காக ஒரு நாள் யோசித்தேன். வேடம் என்ற பொருளைத் தருவது ‘மாறு’ என்ற அடை. தனக்கு உரியது கோலம், பிறருடையதைப் பூண்டு ஏய்ப்பது வேடம் என்று பிரித்துக்கொண்டால் இன்னொரு சிக்கலும் தீர்கிறது. போர்முறை பற்றிய 1907 ஹேக் விதிகள் எதிரியின் சீருடையை முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்கின்றன. படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று நம்பவைக்கப் படைவீரர் உடையைப் போட்டுக்கொள்வது நம் நாட்டுச் சட்டத்தில் குற்றம், மூன்று மாதம்வரை சிறை உண்டு. முதலாவது பகைவேடம், இரண்டாவது படைவேடம். பெயரைப் பார்த்ததுமே குற்றம் தெரிந்துவிடுகிறது.

அப்புறம், சீருடை என்ற சொல்லை நான் தள்ளவில்லை. துணிக்கு அது நிலைத்த சொல், அப்படியே இருக்கட்டும். சீருடையும் அதோடு சேர்ந்த மற்றவையும் கோலம். வகைகளுக்குப் பணிக்கோலம், அணிவகுப்புக் கோலம், அதிகாரிகளின் இரவு விருந்துக்கு விருந்துக்கோலம் என்று வைக்கலாம். போர் உடுப்புக்குப் ‘போர்க்கோலம்’ வேண்டாம். செய்தித்தாள்கள் அதைக் கோப மனநிலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. களக்கோலம் போதும்.

எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. அமெரிக்க விமானப்படையில் உளவியலாளராக இருந்த சிம்கா கோல்ட்மன் என்ற யூத ரபி சீருடையோடு குல்லா அணிய உரிமை கேட்டார். 1986-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மறுத்துவிட்டது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, சமய அணிகலனுக்கு இடம் கொடுத்தது. ஆனால் அது ‘நீட்’, ‘கன்சர்வேட்டிவ்’ என்ற இரண்டு பண்புகளோடு இருக்கவேண்டும் என்றது. முதலாவதை ‘நேர்த்தியான’ என்று எழுதிவிட்டேன். இரண்டாவதற்கு அகராதியைப் பார்த்தால் ‘பழமைவாத’ என்று வருகிறது, இங்கே அது முழுத் தவறு. சட்டம் கேட்பது கண்ணை உறுத்தாமல் இருப்பதை. இப்போதைக்கு ‘அடக்கமான’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் அது ஆளின் குணத்தைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. குல்லாவைப் பார்த்து அடக்கமான குல்லா என்று நாம் சொல்வோமா? ‘உறுத்தாத’ என்றால் விதிக்குரிய நடை போய்விடுமோ என்றும் தயக்கம். படையில் இருந்தவர்களும் சட்டம் மொழிபெயர்ப்பவர்களும் இதற்கு ஒரு சொல் தந்தால் நன்றாக இருக்கும். ஞாயிறுவரை சொற்பட்டியலை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.