லெந்து நாட்களில் ஓர் அமைதி நாள்: தேவையா, சோம்பலுக்குச் சாக்கா?

(இணைய மன்றத்தில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்.)

சூரைச்செடி

எங்கள் சேகரத்தில் (சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையின் வட்டாரச் சபை, தெற்குப் பக்கம்) லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், வந்துவிட்டால் நாற்பது நாளும் ஏதாவது ஒரு கூட்டம்தான். விடியற்காலையில் பாடிக்கொண்டே தெருப்பவனி, ராத்திரி வீட்டு ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசக் கூடுகை, நடுவில் ஒரு முழு இரவு ஜெபம். இந்த வருடம் கமிட்டியில் ஒரு யோசனை சொன்னேன். ஒரே ஒரு சனிக்கிழமை மைக், கீபோர்டு, பிரசங்கம் எதுவும் வேண்டாம். காலையிலிருந்து மூன்று மணிவரை கோவிலைத் திறந்து வைப்போம். வருகிறவர்கள் வேதாகமத்தோடு தனித்தனியாக உட்காரட்டும். தூக்கம் வந்தால் தூங்கட்டும்.

ஒருவர் சிரித்தேவிட்டார். "அதைத்தான் பிரசங்க நேரத்தில் செய்துகொண்டிருக்கிறோமே" என்றார். செயலாளருக்கு வேறு கவலை: "காணிக்கை எப்போது எடுப்பது?"

உபவாசத்தைப் பழகச் சொல்லித்தருகிறோம். ஜெபத்தைச் சொல்லித்தருகிறோம். ஓய்வையும் தனிமையையும் மட்டும் ஏன் யாரும் சொல்லித்தருவதில்லை? 1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள்மேல் எலியா தீர்க்கதரிசிக்கு அவ்வளவு பெரிய வெற்றி. அடுத்ததாக எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறான். தூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது, அவ்வளவுதான். எழுந்தான், தின்றான், குடித்தான், திரும்பப் படுத்துக்கொண்டான். தூதன் அதைக் கண்டிக்கவில்லை. இரண்டாம் முறையும் சாப்பிடச் சொல்கிறான். தேவன் பேசும் மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இயேசுவும் சீஷர்களிடம் "தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்றார் (மாற்கு 6:31). காரணத்தையும் மாற்கு எழுதியிருக்கிறார்: சாப்பிடவே நேரமில்லை. எங்கள் குருவானவருக்கும் இன்று அதே நிலைமைதான்.

எழுப்புதல் வீரன்

ஸ்தோத்திரம் பிரதர். 31-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 33, 34 வாசிக்கவில்லையா? ஜனங்கள் கால்நடையாக ஓடி, படகுக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றார்கள். ஆண்டவர் "இன்றைக்கு லீவு" என்று திருப்பி அனுப்பவில்லை. மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போலிருந்தார்கள் என்று மனதுருகி உபதேசித்தார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடும் கொடுத்தார். ஓய்வுநாளில் ஏன் வேலை செய்கிறாய் என்று கேட்டவர்களுக்கு, "என் பிதா இதுவரைக்கும் கிரியை செய்துவருகிறார், நானும் கிரியை செய்துவருகிறேன்" என்றுதான் பதில் சொன்னார் (யோவான் 5:17).

அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேரையும் படுக்கச் சொல்கிறீர்கள். ஏற்கனவே இந்தத் தலைமுறை ஆன்லைனில் ஆராதனை பார்த்துவிட்டுப் படுத்துத்தான் இருக்கிறது. அதற்கு ஆவிக்குரிய பெயரும் சூட்டிக்கொடுக்க வேண்டுமா? சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் 10:25 சொல்கிறது.

இன்னொன்று. தனிமையில் உட்காருவது, மௌனம், துறவு எல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் ஊரிலேயே பார்த்தோம். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் 1950-ல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் ஆசிரமம் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் அபிஷிக்தானந்தா என்று பெயர் வைத்துக்கொண்டு அத்வைதத்தில் போய் நின்றார். நம் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தானே ஒரு துறவியாக இருந்து, 1521-ல் துறவற வாக்குறுதிகளுக்கு எதிராக எழுதியவர். அவர் அடைத்த கதவை நாம் ஏன் திறக்க வேண்டும்?

கடலோரக் கத்தோலிக்கன்

வீரன் அண்ணே, நீங்களும் 34-ஓடு நிறுத்திவிட்டீர்கள். 45, 46 வாசியுங்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சீஷர்களை வற்புறுத்திப் படகில் ஏற்றி, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலைமேல் ஏறிப்போகிறார். லீவு ரத்தாகவில்லை, ராத்திரிக்குத் தள்ளிப்போனது. லூக்கா 5:16-ம் அதைத்தான் சொல்கிறது. கூட்டம் பெருகப் பெருக அவர் தனித்துப் போகிறார்.

தண்ணீர்ப்பள்ளியை மட்டும் சொன்னீர்கள். திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் 1921-ல் தொடங்கியது. அது உங்கள் புராட்டஸ்டண்ட் பக்கம். சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்று இரண்டு டாக்டர்கள். ஜெப வாழ்க்கையும் ஆஸ்பத்திரியும் ஒரே வளாகத்தில் நடந்தன. அவர்களைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தனிமை என்றால் ஏதோ சுகமாக உட்காருவது என்று நினைக்கிறீர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாகிரியுஸ் என்ற துறவி எழுதியதைப் பாருங்கள். உச்சிவேளைப் பிசாசு என்று ஒன்றைச் சொல்கிறார். அது பிடித்தவனுக்குப் பொழுது நகராது, ஒரு நாள் ஐம்பது மணி நேரம் போலத் தெரியும். அறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனைப் பார்ப்பான். யாராவது சகோதரன் வருகிறானா என்று அங்கும் இங்கும் பார்ப்பான். அப்புறம் அந்த இடமே பிடிக்காது, கைவேலை பிடிக்காது, வீட்டு நினைவு வரும். செல்போனை அணைத்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதில் ஒரு வரியும் புதிதாக இருக்காது. உபவாசத்தில் வயிறு கத்துவதுபோல இதில் மனசு கத்தும். கத்தட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் பயிற்சி.

எங்களிடம் குருக்கள் வருடாவருடம் தியானம் (வேலையை விட்டு ஒதுங்கி ஜெபிக்கும் நாட்கள்) போக வேண்டும். திருச்சபைச் சட்டத்திலேயே அது அவர்கள் கடமை. விருப்பத்துக்கு விட்டிருந்தால் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

மட்டுறுத்துநர்

தண்ணீர்ப்பள்ளிக்குத் தனி இழை ஏற்கனவே இருக்கிறது. அந்தச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாள் பக்கம்

மூன்று பேரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். ஒரு கேள்வி. சனிக்கிழமை காலையிலிருந்து மூன்று மணிவரை நீங்கள் கோவிலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது?

நான் குருவானவர் வீட்டுப் பெண். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பிரசங்கம் தயாரிக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அது அவருடைய தனிமை. கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா, எங்கள் சத்தத்தை அடக்கிக்கொண்டு, வந்தவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துக்கொண்டு, நடுவில் மறுநாள் அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டு இருப்பார். அந்தக் கதவு சாத்தியிருந்ததே அம்மாவின் வேலையால்தான். அம்மாவுக்கு அப்படி ஒரு கதவு கடைசிவரை இருந்ததில்லை.

எகிப்துத் துறவி அந்தோனியார் வனாந்தரம் போவதற்கு முன் தன் தங்கையைக் கன்னியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று அவர் வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியுஸ் எழுதியிருக்கிறார். தங்கையிடம் கேட்டார்களா என்று எழுதவில்லை.

உபாகமம் 5:14 ஓய்வுநாளை யாருக்காகச் சொல்கிறது? உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் வாசல்களில் இருக்கிற அந்நியன். "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு" என்று காரணமும் கொடுத்திருக்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், நினைத்துக்கொள் என்கிறது. இந்தக் கட்டளை நீ ஓய்வெடு என்பதோடு நிற்கவில்லை, ஓய்வைக் கொடு என்கிறது. (மனைவி பட்டியலில் இல்லை. "நீ" என்பதிலேயே அவளும் அடக்கம் என்று விளக்கவுரைகளில் இருக்கும். எங்கள் தெருவில் யாரும் அப்படி வாசித்ததாகத் தெரியவில்லை.)

எழுப்புதல் வீரன்

சிஸ்டர் சரியாகச் சொன்னார்கள். இது ஏசி அறை ஆன்மிகம்.

மார்த்தாள் பக்கம்

வீரன் பிரதர், நான் உங்கள் கட்சியில் சேரவில்லை. நீங்கள் நடத்தும் முழு இரவு ஜெபத்துக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சுக்குக் காப்பி போடுவது யார்? அந்தப் பெண்கள் காலையில் வேலைக்கும் போகிறார்கள். நீங்கள் மத்தியானம்வரை தூங்குகிறீர்கள். ஓய்வு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? எனக்கும் வேண்டும் என்கிறேன்.

முன்னாள் உபதேசியார்

பிள்ளைகளே, ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஊர்களில் பாதிச் சபை பனையேறிகள். பதநீர் காலத்தில் பாளையைத் தினமும் சீவ வேண்டும், காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு நாள் விட்டால் வரத்து குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பனை ஏறுவது பாவம் என்று மேடையில் நின்று சொல்வது சுலபம். சொன்னவருக்குச் சம்பளம் மாதம் பிறந்தால் வந்தது. நான் அப்படிச் சொன்னதில்லை. இருட்டோடே ஏறி இறங்கிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு கோவிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது வந்து நிற்பார்கள். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321-ல் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று சட்டம் போட்டபோதுகூட நியாயாதிபதிகளுக்கும் பட்டணத்தாருக்கும் தொழிலாளிகளுக்கும்தான் போட்டான், விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தான். பருவம் தவறினால் விளைச்சல் போய்விடும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

கடலோரக் கத்தோலிக்கன்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சட்டம் வரும்வரை சுமார் முந்நூறு வருடம் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள்தான். ரோம ஆளுநர் பிளினி ஏறக்குறைய 112-ல் எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்கிறார். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டுமே!

மார்த்தாள் பக்கம்

அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக பிளினியே எழுதுகிறார். அவர்கள் சபையில் ஊழியக்காரிகள். பொழுது விடிந்தால் எஜமான் வீட்டு வேலை. விடியுமுன் கிடைத்த நேரத்தில் அவர்கள் கூடினார்கள், ஊழியமும் செய்தார்கள். ஓய்வு கிடைக்காதவர்களுக்கு அதன் அருமை நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சூரைச்செடி

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதனால் அமைதி நாள் தப்பு என்று ஆகாது, நடத்தும் முறை மாற வேண்டும் என்று ஆகிறது.

வீரன் பிரதர் லூத்தரைச் சொன்னார். அதே லூத்தர் 1535-ல் தனக்கு முடிதிருத்துகிறவருக்கு ஜெபம் பண்ணுவது எப்படி என்று எழுதிக்கொடுத்தார். வேலையாலும் வேறு எண்ணங்களாலும் ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோனால் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போவேன், கூடுகை நேரமாக இருந்தால் கோவிலுக்குப் போவேன் என்கிறார். அறையும் கோவிலும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. துறவற வாக்குறுதியைத்தான் எதிர்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பதை எதிர்க்கவில்லை.

ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் ஃபின்கென்வால்டே என்ற இடத்தில் போதகர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, தினமும் காலையில் அரை மணி நேரம் ஒரு வேதப்பகுதியை வைத்துக்கொண்டு மௌனமாக இருக்க வேண்டும் என்று விதித்தார். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். வெளியே ஹிட்லர் ஆட்சி. 1937-ல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்த இடத்தையே மூடியது. 1945-ல் அவரைத் தூக்கில் போட்டார்கள். வேறு வேலை இல்லாமல் அவர் அங்கே மௌனமாக உட்கார்ந்திருக்கவில்லை.

எழுப்புதல் வீரன்

போன்ஹோஃபர் எல்லாம் சரி. அவர் மாணவர்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பாடினார்கள். உங்கள் ஆட்கள் அப்படியா? தனிமையாகப் போன வாலிபன் திரும்பிச் சபைக்கு வருவதில்லை. நான் கண்ணால் பார்க்கிறேன். "நான் தனியாகவே தேவனோடு இருக்கிறேன் பாஸ்டர்" என்பான். அவன் போனை வாங்கிப் பார்த்தால் தெரியும் யாரோடு இருக்கிறான் என்று.

கடலோரக் கத்தோலிக்கன்

இந்தப் பயம் நியாயமானது, பழையதும்கூட. நான்காம் நூற்றாண்டிலேயே ஆயர் புனித பசிலியு இதைக் கேட்டார்: தனியாக வாழ்ந்தால் யாருடைய கால்களைக் கழுவுவாய்? அவர் துறவிகளைச் சேர்ந்து வாழச் சொன்னார், ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டினார். எகிப்து வனாந்தரத்திலும் வாரம் முழுக்கத் தனியாகக் கூடை முடைந்தவர்கள் சனி ஞாயிறில் கூடிவந்து நற்கருணை வாங்கினார்கள். 1084-ல் புருனோ தொடங்கிய கார்த்தூசியர் சபையைவிடக் கடுமையான தனிமை எங்களிடம் இல்லை. அவர்களும் ராத்திரி ஜெபத்துக்குக் கூடுகிறார்கள், வாரம் ஒருமுறை சேர்ந்து நீண்ட நடை போய்ப் பேசிக்கொள்கிறார்கள். கூட்டத்துக்குத் திரும்பாத தனிமையை யாருமே சிபாரிசு செய்யவில்லை.

மார்த்தாள் பக்கம்

இன்னொரு எச்சரிக்கை, நர்ஸாகச் சொல்கிறேன். புருஷனை இழந்து இரண்டு மாதம் ஆனவளிடம் போய் "தனிமையில் தேவனைத் தேடு" என்று சொல்லாதீர்கள். அவளுக்கு வீடு நிறையத் தனிமை இருக்கிறது. பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். தூக்கமே வராதவனை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எலியாவுக்கு முதலில் அடையும் தண்ணீரும்தானே வந்தது, நீங்களே சொன்னீர்கள். இதை எல்லாருக்கும் ஒரே மருந்தாகக் கொடுத்தால் கெடுதல்தான்.

சூரைச்செடி

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கமிட்டிக்கு இப்படி எழுதிக்கொடுக்கப் போகிறேன்: இரண்டு சனிக்கிழமை. முதல் சனி பெண்களுக்கு மட்டும். அன்றைக்குச் சமையல் ஆண்கள் ஐக்கியம், கோவில் வளாகத்திலேயே. பிள்ளைகளை ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். குருவானவருக்கும் அன்று வீட்டு ஜெபம் கிடையாது. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் வரலாம், தனியாக இருக்கப் பிடிக்காதவர்களுக்குத் திண்ணையில் பேச இடம் உண்டு.

மார்த்தாள் பக்கம்

உங்கள் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களில் எத்தனை பேர் ஆண்கள்?

சூரைச்செடி

ஒருவர். எழுபது வயதுக்கு மேல்.

எழுப்புதல் வீரன்

அவரையாவது தூங்க விடுங்கள் பிரதர். என் சபையிலிருந்து வாலிபர்கள் நாலு பேரை அனுப்புகிறேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், சத்தமாகத்தான் இருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.