ஜட்ஜ் ஆஃப் எலெக்‌ஷன்: நீதிபதியா, அலுவலரா, நடுவரா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பிலடெல்பியா பக்கத்திலிருந்து எழுதிய நண்பரின் கேள்விக்கு இவ்வளவு மடல்கள் வரும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களிக்கப் போகும் தமிழர்களுக்காகப் பென்சில்வேனியா மாநிலத் தேர்தல் முறையைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறார். யார் யார் வாக்குச்சாவடியில் பணியாற்றலாம், யார் கூடாது என்ற பகுதிக்கு வந்தபோது சிக்கிக்கொண்டார். சாவடியின் தலைவருக்கு அங்கே 'ஜட்ஜ் ஆஃப் எலெக்‌ஷன்' என்று பெயர். தமிழில் என்ன எழுதுவது?

வந்த பரிந்துரைகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

> 'தேர்தல் நீதிபதி' என்றே எழுதலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் தேர்தலையும் நீதிபதியையும் சேர்த்துச் சொன்னால், தோற்ற வேட்பாளர் தாக்கல் செய்த தேர்தல் வழக்கை விசாரிக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிதான் நினைவுக்கு வருவார். பென்சில்வேனியாவின் 'ஜட்ஜ்' சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதியின் வாக்காளராக இருந்தால் போதும். காலை 7 மணிக்குக் கதவைத் திறந்து, இரவு 8 மணிக்கு வாக்குப்பதிவை முடித்துக் கணக்கை ஒப்படைக்கிற அண்டை வீட்டுக்காரர் அவர். வாக்களிக்க வந்தவருடைய தகுதியை யாராவது மறுத்தால் அதைச் சாவடியிலேயே தீர்க்க வேண்டியிருந்ததால்தான் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். மின்னசோட்டாவில் இன்றும் அப்படித்தான்: மறுப்புக்கு உள்ளான வாக்காளரிடம் உறுதிமொழி வாங்கி, கேள்வி கேட்டு, தகுதி உண்டா இல்லையா என்று 'எலெக்‌ஷன் ஜட்ஜ்' அங்கேயே முடிவு செய்கிறார். அந்தத் தீர்க்கும் வேலை நம் சொல்லிலும் தெரிய வேண்டும். நீதிமன்ற வாசனை வேண்டாம்.

> 'வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்' என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பெரும்பாலோர் இதைத்தான் ஆதரித்திருக்கிறீர்கள். பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் அந்தப் பதவியைச் சுமந்தவன் என்ற முறையில், எனக்கும் அந்தச் சொல்மேல் பாசம் உண்டு. ஆனாலும் இங்கே அது பொருந்தாது.

நம் ஊரில் அந்த அலுவலர் யார்? 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 26 ஆம் பிரிவைப் பாருங்கள். சாவடிக்கு ஒரு தலைமை அலுவலரையும் தேவையான வாக்குப்பதிவு அலுவலர்களையும் மாவட்டத் தேர்தல் அலுவலர் நியமிக்க வேண்டும். அந்தத் தேர்தலில் வேட்பாளருக்காக வேலை செய்தவரை நியமிக்கக் கூடாது. அந்தப் பிரிவு சொல்லும் விலக்கு இது ஒன்றுதான். அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. வாக்குப்பதிவு அலுவலர் ஒருவர் வராமல் போனால், வேட்பாளரின் ஆளாக இல்லாத யாரையும், சாவடியில் இருப்பவர்களிலிருந்தே தலைமை அலுவலர் நியமித்துக்கொள்ளலாம் என்றுகூட அந்தப் பிரிவு சொல்கிறது.

நடைமுறையோ வேறு. தேர்தலுக்கு ஆள் தரவேண்டிய கடமையை அரசமைப்பின் 324(6) ஆம் உறுப்பும் இதே சட்டத்தின் 159 ஆம் பிரிவும் அரசின்மீதும் அரசு சார்ந்த அமைப்புகளின்மீதும் வைக்கின்றன. ஆகவே ஆணை வருவது ஆசிரியருக்கும் வருவாய்த்துறை எழுத்தருக்கும் பொதுத்துறை வங்கி ஊழியருக்கும்தான். எந்தச் சாவடி என்பதைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்யும். சொந்தத் தொகுதி கிடைக்காது. முந்தைய நாளே இயந்திரப் பெட்டியும் படிவக் கட்டும் கையுமாக, முகம் தெரியாத ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தில் போய் இறங்க வேண்டும். மறுநாள் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு, அதை அழித்துக் காட்டுதல், காகித முத்திரை, கையொப்பங்கள், மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கை எழுதும் 17சி படிவம். அந்தக் காலத்துக்கு நாம் தேர்தல் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பவர்கள் என்று 28ஏ பிரிவு சொல்கிறது. இவர்களை 'அலுவலர்' என்று அழைப்பதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது பென்சில்வேனியாவின் தேர்தல் சட்டத்துக்கு வாருங்கள். கூட்டரசு, மாநிலம், நகரம், கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) ஆகியவற்றின் கீழ் பதவியோ வேலையோ வகிப்பவர் வாக்குச்சாவடிப் பணிக்குத் தகுதியற்றவர். கடந்த இரண்டு மாதத்துக்குள் வகித்திருந்தாலும் தகுதியில்லை. கீழ்நிலை மாவட்ட நீதிபதிகள், நோட்டரிகள், மாநிலப் படையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் விதிவிலக்கு. அதாவது, யாரை மட்டும் நாம் சாவடிக்கு அனுப்புகிறோமோ அவர்களைத்தான் அங்கே வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்!

கையேட்டைப் படிக்கப்போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கவுன்ட்டியின் சுகாதாரத் துறையில் வேலை பார்க்கிற தமிழ்ப் பெண். 'தலைமை அலுவலர்' என்று படித்ததும், அரசு வேலையில் இருக்கிறோமே, நமக்குப் பொருத்தமான பணி என்று எண்ணிக்கொள்வார். அடுத்த பக்கத்தில் விதியைச் சரியாகவே விளக்கியிருந்தாலும், சொல் அதற்கு முன்பே அவரைத் தவறான பக்கம் திருப்பிவிட்டிருக்கும்.

அதற்கும் மேல், அங்கே இந்தப் பதவிக்குத் தேர்தலே நடக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும் உள்ளாட்சித் தேர்தலோடு, நான்கு ஆண்டுக் காலத்துக்கு ஒரு 'ஜட்ஜ்', இரண்டு 'இன்ஸ்பெக்டர்' ஆகியோரை அந்தந்தப் பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டியிட ஆளில்லாமல், வாக்குச்சீட்டில் கையால் எழுதிச் சேர்த்த ஒரு சில வாக்குகளிலேயே வென்றுவிடுகிறவர்களும் உண்டு. கட்சியை மறைக்கவும் வேண்டியதில்லை. இலினாயில் சாவடிக்குப் பொதுவாக ஐந்து பேர் என்றால் மூவர் ஒரு கட்சி, இருவர் மற்றக் கட்சி. மின்னசோட்டாவில் பாதிக்கு மேல் ஒரே பெரிய கட்சியினராக இருக்கக் கூடாது. மொத்தம் ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் ஒருவர் கூடலாம். நாம் கட்சி வேண்டாம் என்று வெளியூர்க்காரரை அனுப்புகிறோம். அவர்கள் உள்ளூர்க்காரரை அவருடைய கட்சியோடு உட்காரவைத்து, எதிர்க்கட்சிக்காரரைப் பக்கத்து நாற்காலியில் போடுகிறார்கள். எது மேல் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. 'அலுவலர்' முதல் முறைக்கு மட்டும் உரிய சொல் என்பதுதான் என் வாதம்.

> 'சாவடிப் பொறுப்பாளர்'?

கூடவே கூடாது. தமிழ்நாட்டில் பொறுப்பாளர் என்றால் கட்சி ஆள். காலையிலிருந்து தெருமுனையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருப்பவர்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அம்மையார் 'தலைமைதாங்கும் அலுவலர்' என்ற இலங்கை வழக்கை நினைவூட்டியிருக்கிறார். நல்ல தமிழ். ஆனால் அங்கும் அரச ஊழியர்களே அந்தப் பணிக்கு வருவதால் மேலே சொன்ன சிக்கல் அப்படியே நிற்கிறது. போகிற போக்கில் ஒன்று: நாம் 'தேர்தல் நடத்தும் அலுவலர்' என்று நீட்டி முழக்குவதை இலங்கையில் 'தெரிவத்தாட்சி அலுவலர்' என்கிறார்கள். தெரிவுக்கு அத்தாட்சி தருபவர். பொறாமையாக இருக்கிறது.

என் பரிந்துரை: சாவடி நடுவர்.

நடுவர் என்றால் பட்டிமன்ற நடுவர், கிரிக்கெட் நடுவர், நீதித்துறை நடுவர் என்று பலர் இருக்கிறார்களே என்ற மறுப்பு வரும். இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: இரு தரப்பு எதிரெதிரே இருக்க, முடிவை அந்த இடத்திலேயே சொல்ல வேண்டியவர். பென்சில்வேனியாவின் சாவடித் தலைவருக்கு அது அப்படியே பொருந்துகிறது. 'சாவடி' என்ற முன்னொட்டு மற்ற நடுவர்களிடமிருந்து பிரித்துக் காட்டிவிடும். 'தேர்தல் நடுவர்' என்று வைத்தால் தேர்தல் ஆணையரோடு குழப்பம் வரும். அதனால் அது வேண்டாம்.

இன்னொரு துணையும் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். நிலமும் சொந்த மனையும் வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் கூடாது என்ற தகுதி விதிகளைச் சொல்லி மகிழ்கிறோம். பிராமணர் சபை ஒன்றின் குலுக்கலை இன்றைய தேர்தலோடு சமமாக்கி மார்தட்டுவது எனக்கு ஒவ்வாது. ஆனால் குடவோலையை நடத்தியவர் யார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டியவர் 'மத்தியஸ்தன்'. விரல்களுக்கிடையில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த விரிந்த கை என்று கொள்கிறேன். வாக்குப்பதிவுக்கு முன் இயந்திரத்தை வெறுமையாக்கி முகவர்களிடம் காட்டும் வேலையும் இதே குடும்பம்தான். மத்தியஸ்தன் என்பதைத் தமிழாக்கினால் நடுவன். ஆகவே புதுச்சொல் என்றுகூட இதைச் சொல்ல முடியாது.

அடுத்து, அந்த இரண்டு 'இன்ஸ்பெக்டர்'கள். ஒவ்வொரு வாக்காளரும் ஒருவருக்குத்தான் வாக்களிக்கலாம். அதிக வாக்கு பெற்றவர் 'மெஜாரிட்டி இன்ஸ்பெக்டர்', அடுத்தவர் 'மைனாரிட்டி இன்ஸ்பெக்டர்'. 'சிறுபான்மை ஆய்வாளர்' என்று ஒரு நண்பர் மொழிபெயர்த்திருக்கிறார். நம் வாசகர் இதைச் சிறுபான்மையினர் நலத்துறை என்று படிப்பார், ஆய்வாளர் என்பதைக் காவல் நிலையம் என்று படிப்பார். இரண்டும் வேண்டாம். முதல் சரிபார்ப்பாளர், இரண்டாம் சரிபார்ப்பாளர் என்று வைக்கலாம். எல்லோரையும் சேர்த்துச் சொல்ல 'சாவடிப் பணியாளர்' போதும்.

சொல் நிற்குமா என்று பார்க்க வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம்:

"சாவடி நடுவராகப் பணியாற்ற, நீங்கள் அந்தப் பகுதியின் பதிவுபெற்ற வாக்காளராக இருக்க வேண்டும்."

"கவுன்ட்டி அரசில் வேலை செய்பவர் சாவடிப் பணியாளராக முடியாது."

"மின்னசோட்டாவில், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் 16 வயது மாணவரும் பயிற்சிச் சாவடி நடுவராகலாம், ஒரு சாவடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்டவர்கள் இருக்கக் கூடாது."

"ஒரே சாவடியில், ஒரே நேரத்தில், கணவனும் மனைவியும் சாவடி நடுவர்களாக இருக்க முடியாது."

கடைசி விதியும் மின்னசோட்டாவுடையதுதான்; அங்கே தலைவர் மட்டுமல்ல, சாவடியில் பணியாற்றும் எல்லோருமே 'ஜட்ஜ்'கள். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோருக்கும் அது பொருந்தும். டெக்சாஸின் 'பிரிசைடிங் ஜட்ஜ்' இதே சொல்லுக்குள் அடங்குவாரா என்று அங்கிருக்கும் நண்பர்கள் சொல்ல வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆளுநர் தேர்தலில் அந்தப் பகுதியில் அதிக வாக்கு பெற்ற கட்சியிலிருந்து நியமிக்கிறார்கள். 'தலைமைச் சாவடி நடுவர்' என்றால் போதும் என்பது என் எண்ணம்.

மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லையும், அதை வைத்து எழுதிய ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். கையேடு அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது.

அன்புடன்,
பழைய தலைமை அலுவலர் ஒருவர்